வெள்ளை மாளிகை பீருக்கும் ஹார்லிக்ஸுக்கும் என்ன உறவு... தெரியுமா?

அமெரிக்க வெள்ளை மாளிகையின் சமையலறையில் பீர் காய்ச்சினார்கள், தெரியுமா? ஒபாமா அதிபராக இருந்தபோது! அதுவும் மாளிகைத் தோட்டத்துத் தேனீக்களின் தேனை ஊற்றி! கேட்டவர்கள் விடவில்லை; 2012 செப்டம்பரில் செய்முறையையே வெளியிட்டுவிட்டார்கள். சமையற்காரர்கள் மூட்டை மூட்டையாகப் பார்லியை உடைத்து, நாள் முழுக்க வெந்நீரோடு மல்லுக்கட்டியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? அதுதான் இல்லை! ஹனி பிரவுன் ஏல் என்ற அந்தப் பீரின் பொருள் பட்டியலில் முதல் வரியே 'மால்ட் எக்ஸ்ட்ராக்ட் டப்பா இரண்டு'!

அது என்ன எக்ஸ்ட்ராக்ட்? முளைகட்டிக் காயவைத்த பார்லிதான் மால்ட். அதை உடைத்து 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், பார்லிக்குள்ளேயே ஒளிந்திருக்கும் அமைலேஸ் நொதிகள் மாவுச்சத்தை வெட்டி வெட்டிச் சர்க்கரையாக்கிவிடும். வெளியிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரை போடவில்லை, சாறு தித்திக்கிறது! இந்த ஊறலுக்கு மாஷ் என்று பெயர், சாற்றுக்கு வோர்ட். வோர்ட்டை வெற்றிடத்தில், குறைந்த சூட்டில் சுண்டவைத்தால் பாகு. சூடான காற்றில் தெளித்து உலர்த்தினால் பொடி. இரண்டுமே எக்ஸ்ட்ராக்ட்தான்.

ஹார்லிக்ஸ் நினைவுக்கு வருகிறதா? வரவேண்டும்! ஜேம்ஸ், வில்லியம் ஹார்லிக் சகோதரர்கள் அமெரிக்காவின் ரசீன் நகரில் தொழில் நடத்தி, 1883-ல் காப்புரிமை வாங்கிய பொடிக்கும் இதே வழிதான். பார்லி மால்ட்டும் கோதுமை மாவும் வெந்நீரில் ஊறும், சாறு பாலோடு சேர்ந்து உலரும். ஆக, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஆற்றிக் கொடுத்த டம்ளருக்கும் பீர் கிளாஸுக்கும் பூர்வீகம் ஒன்று! 'வின்னி த பூ' கதையில் வரும் புலிக்குட்டி டிக்கருக்கு எது கொடுத்தாலும் பிடிக்காமல் போய், கடைசியில் பிடித்துப்போவது எது தெரியுமா? மால்ட் எக்ஸ்ட்ராக்ட்!

1920 முதல் 1933 வரை அமெரிக்காவில் மதுவிலக்கு. பீர் ஆலைகள் பூட்டிக்கொண்டு போயினவா? பாப்ஸ்ட், அன்ஹாய்சர்-புஷ் போன்ற பெரிய ஆலைகள் மால்ட் பாகை டப்பாவில் அடைத்து விற்றன. ரொட்டி சுடத்தானாம்! சில டப்பாக்களில் பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் சேர்ந்தே வந்தது. கசப்பு ரொட்டி யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. மதுவிலக்கு முடிந்தது சரி, வீட்டில் பீர் காய்ச்சுவதை அமெரிக்க மத்திய அரசு சட்டபூர்வமாக்கியது எப்போது? 1978-ல், ஜிம்மி கார்ட்டர் கையெழுத்தில். அலபாமா, மிசிசிப்பி மாநிலங்கள் 2013 வரை இழுத்தடித்தன! (நம் தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. எனவே இந்தப் பக்கம் வாசிக்க மட்டும்!)

இப்போது அசல் அதிசயத்துக்கு வருவோம். முழுத் தானியத்தில் எழுதிய செய்முறை ஒன்று கையில் இருக்கிறது; மாஷ் போடப் பெரிய பாத்திரம் இல்லை. என்ன செய்வது? வெளிர் மால்ட் போன்ற அடிப்படை மால்ட் 1 கிலோ என்றிருந்தால் பாகு 750 கிராம், பொடியானால் 600 கிராம். அவ்வளவே! பாகில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், அதனால்தான் எடை கூடுதல்.

ஆனால் எல்லாத் தானியத்துக்கும் இந்த வாய்ப்பாடு செல்லாது. கிரிஸ்டல் மால்ட்டின் மாவுச்சத்து ஆலையிலேயே, உமிக்குள்ளேயே சர்க்கரையாகிப் பாகாகி இறுகிவிடுகிறது. துணிப்பையில் கட்டி அரை மணி வெந்நீரில் போட்டால் போதும், நிறமும் மணமும் இறங்கிவிடும். கறுக்க வறுத்த பார்லியும் அப்படியே. பார்லி அவல்? அங்கேதான் சிக்கல்! அதில் மாவுச்சத்து உண்டு, நொதி கிடையாது. வெறுமனே ஊறவைத்தால் கஞ்சித் தண்ணீர்தான் மிச்சம், பீர் கலங்கிப்போகும். வெள்ளை மாளிகைப் பட்டியலிலுள்ள பிஸ்கட் மால்ட்டும் இந்த ஜாதிதான். அதை ஊறவைத்தே விட்டுவிட்டார்கள். கறாரான ஆட்கள் புருவத்தை உயர்த்துவார்கள். மணம் கிடைத்துவிட்டதே என்பது என் கட்சி.

ஸ்டவுட் என்கிற அயர்லாந்து பாணிக் கறுப்பு பீரை எடுத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டருக்கு வெளிர் மால்ட் 2.8 கிலோ, பார்லி அவல் 800 கிராம், வறுத்த பார்லி 400 கிராம். மொத்த வெளிர் மால்ட்டையும் பொடியாக மாற்றிவிட்டால் அவல் அநாதை! ஆகவே 800 கிராம் வெளிர் மால்ட்டை அவலுக்குத் துணையாக நிறுத்திக்கொண்டு, இரண்டையும் 65 டிகிரியில் ஒரு மணி நேரம் குட்டி மாஷ் போடுகிறார்கள். மால்ட்டின் நொதிகள் அவலின் மாவுச்சத்தையும் சேர்த்தே வெட்டித் தள்ளும்! மீதி 2 கிலோவுக்கு 1.2 கிலோ பொடி. வறுத்த பார்லி பைக்குள். சாதாரண சமையல் பாத்திரத்தில் ஸ்டவுட்!

தண்ணீரிலும் ஓர் ஆச்சரியம். எக்ஸ்ட்ராக்ட் செய்த ஆலையின் தண்ணீரிலிருந்த உப்புகள் பொடிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கின்றன. அதனால் உப்பே இல்லாத வடிநீர் ஊற்றினாலும் வேலை நடக்கும்.

அப்புறம் கசப்பு. பாத்திரம் சின்னது என்று 10 லிட்டர் மட்டும் கொதிக்கவைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 20 லிட்டர் ஆக்குவார்கள். வோர்ட் இரட்டிப்பு அடர்த்தியானால் ஹாப்ஸின் கசப்பு குறைவாகவே இறங்கும், தெரியுமா? கிளென் டின்செத் வகுத்த சூத்திரப்படி, ஒரு மணி நேரக் கொதியில் அடர்த்தி (தண்ணீருக்கு 1 என்று வைத்தால்) 1.040 இருந்தால் கசப்புக்குக் காரணமான ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலத்தில் 25 சதவீதம் பயன்படும், 1.080 ஆனால் 18 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு! கூடவே, அடர்ந்த பாகு கொதிக்கக் கொதிக்க மயார் வினை என்கிற பழுப்பேற்றும் வினையால் நிறமும் கறுக்கும்.

இரண்டுக்கும் மருந்து ஒன்றே. தொடக்கத்தில் பாதி எக்ஸ்ட்ராக்ட் மட்டும். மீதிப் பாதி கொதி இறங்கக் கடைசிப் பத்து நிமிடத்தில். அடுப்பை ஒரு நிமிடம் அணைத்துவிட்டுக் கொட்ட வேண்டும், இல்லாவிட்டால் அடிப்பிடிக்கும்!