பழமை பேணலும் உருமாற்றலும்
(அமெரிக்க ‘ஹாட் ராடு’ வண்டிகளைக் குறித்த ஓர் ஆராய்ச்சி)

பழையதொரு பொருள் நம் கைக்கு வருமிடத்து, அதனை யாது செய்வது என்னும் வினா உடன் எழுகின்றது. செய்தோன் செய்தளித்த வண்ணமே அதனைப் பேணிவைத்தல் ஒரு முறை. நம் காலத்துத் தேவைக்கும் விருப்பத்திற்கும் இயைய அதனை மாற்றிக்கொள்ளுதல் பிறிதொரு முறை. இவ்விரண்டனுள் எது தக்கது என்பது எளிதில் விடை கூறக்கூடிய வினாவன்று.

நம் அரியலூர்ப் பகுதியிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தையே எடுத்துக்கொள்வோம். முதலாம் இராசேந்திரன் 11-ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த பெருங்கோயில் அங்கு நிற்கின்றது. 1836-ஆம் ஆண்டிற் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்ட காலத்து, இக்கோயிலின் திருமதிற் கற்கள் பெயர்த்தெடுக்கப்பட்டு அவ்வணைக்குப் பயன்படுத்தப்பட்டன. அணையால் வயல்கள் நீர் பெற்றன என்பது மெய். போன மதில் மீளவில்லை என்பதும் மெய். பழம்பொருளை மாற்றுவோர்க்கு வரும் ஊதியமும் இழப்பும் இந்நிகழ்ச்சியிற் சேர்ந்தே காணப்படுகின்றன. இதே வினா, கற்கோயிலுக்கு முற்றும் வேறான மோட்டார் வண்டித் துறையில் எவ்வாறு எழுந்தது, எவ்வாறு விடை பெற்றது என்பதை ஈண்டு ஆராய்வோம்.

ஹாட் ராடு என்பது யாது?

பழைய மோட்டார் வண்டியொன்றை எடுத்து, வேண்டாத உறுப்புகளைக் களைந்து எடையைக் குறைத்து, இயந்திரத்தின் ஆற்றலைப் பெருக்கி, விரைந்தோடுமாறு அமைத்த வண்டிக்கே அமெரிக்கர் ‘ஹாட் ராடு’ என்று பெயரிட்டனர். இது தொழிற்சாலையிற் பிறந்த வண்டியன்று. கொட்டகையிலும் வீட்டின் பின்புறத்திலும் இளைஞர் தம் கையாற் செய்துகொண்ட வண்டி.

இது தோன்றியதற்குக் காரணமாயிருந்தது ஃபோர்டு கம்பெனியாரின் மலிவான வண்டிகளே. 1908 முதல் 1927 வரை அவர்கள் செய்த ‘மாடல் டி’ வண்டி ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்தது. ஆகவே சில ஆண்டுகளுக்குள் பழைய வண்டிகள் எங்கும் குவிந்து, சிறு தொகைக்குக் கிடைப்பனவாயின. 1927 டிசம்பரில் ‘மாடல் ஏ’ வண்டி விற்பனைக்கு வந்தது. 1932-இல் எட்டு உருளைகளை இரு வரிசையாகச் சாய்த்து அமைத்த ‘வி-8’ இயந்திரத்தைச் சாமானியரும் வாங்கக்கூடிய விலையில் ஃபோர்டு கம்பெனியார் அளித்தனர். அதன் உருளைகளின் கொள்ளளவு 221 கன அங்குலம். ஆற்றல் 65 குதிரைச் சக்தி. பணக்காரர் வண்டிகளுக்கே உரியதாயிருந்த எட்டுருளை இயந்திரம் ஏழைத் தொழிலாளியின் மகனுக்கும் எட்டியது. அவ்வாண்டு வெளிவந்த ஃபோர்டு வண்டியே இன்றளவும் ஹாட் ராடு அன்பர் பெரிதும் போற்றுவது.

கலிபோர்னியாவின் தென்பகுதியில் மழையற்ற காலத்து வறண்டு கிடக்கும் ஏரிகள் சில உள. அவற்றின் தரை பல மைல் தூரம் மேடு பள்ளமின்றிக் கெட்டிப்பட்டிருக்கும். மூரோக் என்னும் ஏரியில் இளைஞர் தம் வண்டிகளை ஓட்டி வேகத்தை அளந்தனர். ஒழுங்கின்றி நடந்த இவ்வோட்டங்களை முறைப்படுத்துவதற்காக 1937-இல் தென் கலிபோர்னியக் கால அளவைச் சங்கம் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், படையில் இயந்திரத் தொழில் பழகித் திரும்பிய இளைஞரால் இக்கலை மேலும் வளர்ந்தது. 1948 ஜனவரியில் ராபர்ட் பீட்டர்சன் என்பார் ‘ஹாட் ராடு’ என்னும் பெயரிலேயே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். மறு ஆண்டில் யூட்டா மாகாணத்துப் பான்வில் உப்புவெளியில் வேக வாரம் முதன்முறையாக நடைபெற்றது.

உருமாற்றும் முறை

வேகத்தின் இரகசியம் ஒரு சிறு கணக்கில் அடங்கும். விளக்கத்தின் பொருட்டு, ஒரு வண்டியின் எடை 2,200 ராத்தல் என்றும், ஆற்றல் 65 குதிரைச் சக்தி என்றும் கொள்வோம். ஒவ்வொரு குதிரைச் சக்தியும் ஏறத்தாழ 34 ராத்தலை இழுக்கவேண்டும். எடையில் 400 ராத்தலைக் குறைத்து, ஆற்றலை 100 ஆக உயர்த்தினால், ஒவ்வொன்றும் இழுக்கவேண்டியது 18 ராத்தலே. ஆகவே ஒருபுறம் எடையைக் குறைத்தலும் மறுபுறம் ஆற்றலைப் பெருக்கலுமாகிய இரண்டு வேலைகளையும் இளைஞர் ஒருங்கே செய்தனர்.

எடையைக் குறைப்பதற்குச் சக்கரங்களின் மேலுள்ள மட்கார்டுகளையும், ஏறுபடிகளையும், சில வேளைகளில் பானெட்டையும் கழற்றி எறிந்தனர். மூடுவண்டியாயின், தூண்களைச் சில அங்குலம் அறுத்துக் கூரையைத் தாழ்த்திப் பற்றவைத்தனர். வண்டியின் உடற்கூட்டைச் சட்டத்தின்மேல் உயர்த்தி வையாது, சட்டத்தைச் சூழுமாறு கீழிறக்கி அமைத்தலும் உண்டு. இவற்றாற் காற்றின் தடை குறைந்து, வண்டி தரையோடு ஒட்டி ஓடியது.

ஆற்றலைப் பெருக்குவதற்கு உருளைகளைக் கடைந்து அகலமாக்கினர். ஒரு கார்ப்பரேட்டருக்குப் பதிலாக இரண்டு மூன்றை வைத்தனர். உருளைத் தலைகளை இழைத்து, எரிவாயு மேலும் இறுக அழுத்தப்படுமாறு செய்தனர். வால்வுகள் நெடுநேரம் திறந்திருக்குமாறு கேம் தண்டினை வேறு வடிவில் தீட்டினர். புகை விரைந்து வெளியேறத் தனித்தனிக் குழாய்களை அமைத்தனர்.

இங்கு ஒன்று குறிக்கத்தக்கது. 1932-ஆம் ஆண்டு வண்டியின் பிரேக், கம்பிகளால் இழுக்கப்படுவது. நெடுவேகத்தில் வண்டியை நிறுத்தப் போதாதது. ஃபோர்டு வண்டிகளில் எண்ணெயழுத்தப் பிரேக் 1939-ஆம் ஆண்டு மாதிரிகளிலேயே வந்தது. அறிவுடைய இளைஞர் அவ்வுறுப்புகளை எடுத்துத் தம் பழைய வண்டிகளிற் பொருத்திக்கொண்டனர். நிறுத்தும் வலிமையைக் கூட்டாது ஓடும் வலிமையை மட்டும் கூட்டியவர் பலர் விபத்துக்குள்ளாயினர். ஹாட் ராடு என்றாலே பெற்றோரும் போலீசாரும் அஞ்சிய காலமும் இருந்தது.

மாற்றியதே மூலமான விந்தை

வேகத்திற்காகச் சிதைக்கப்பட்ட வண்டிகள் எனக் கற்றோர் ஒரு காலத்தில் இவற்றை இகழ்ந்தனர். எனினும் காலம் செல்லச் செல்ல, 1940-களில் உருமாற்றப்பட்ட வண்டிகளும் பழம்பொருள்களாயின. கலிபோர்னியாவிலுள்ள பெப்பிள் பீச்சில் ஆண்டுதோறும் நடைபெறும் பழைய வண்டிக் கண்காட்சி, உலகிற் சிறந்த வண்டிகள் கூடுமிடம். அங்கு 1997-இல் முதன்முதலாக ஹாட் ராடு வண்டிகளுக்கென ஒரு பிரிவு வகுக்கப்பட்டது. டோன் ஸ்பென்சர் என்பார் அமைத்த 1932-ஆம் ஆண்டு ஃபோர்டு வண்டி அதில் முதற் பரிசு பெற்றது.

இதிலுள்ள விந்தையை நோக்குக. ஸ்பென்சர் அமைத்த வண்டியைப் பழுது பார்ப்போன், தொழிற்சாலையிலிருந்து அது வந்த வடிவிற்கு அதனைத் திருப்புவானாயின், ஒரு சரித்திரச் சின்னத்தை அழித்தவனாவான். அவன் மீட்கவேண்டிய மூலவடிவம் ஸ்பென்சர் தம் கையால் மாற்றிய வடிவமே. ஆகலின் ஒரு பொருளைப் புதுக்க முற்படுவோன், அதன் எந்தக் காலத்து உருவம் பேணத்தக்கது என்பதை முதலில் துணிதல் வேண்டும்.

பொருள் சேர்ப்போர்க்காக வேலை செய்யும் வல்லுநர் இத்துணிவிற்கு வரப் பல சான்றுகளைத் தேடுவர். பழைய புகைப்படங்களையும், பத்திரிகைப் படங்களையும், முன்னர் வைத்திருந்தோர் கடிதங்களையும் திரட்டுவர். சட்டத்தில் அடிக்கப்பட்ட எண்ணை ஒப்புநோக்குவர். வண்ணப்பூச்சை அடுக்கடுக்காகச் சுரண்டி, எந்நிறத்தின்மேல் எந்நிறம் ஏறியது என்று காண்பர். கல்வெட்டு ஆராய்ச்சியாளர் சுண்ணப்பூச்சை விலக்கி எழுத்தைத் தேடுவது போன்றதே இவ்வேலை.

அதன்பின்னரே கைவேலை தொடங்கும். துருவேறிய தகட்டை வெட்டியெடுத்து, அதே கனமுள்ள புதுத் தகட்டைச் சுத்தியாலும் உருளையாலும் வளைத்துப் பற்றவைப்பர். பழைய ஃபோர்டு வி-8 இயந்திரத்திற்கு ஒரு குறையுண்டு. புகை செல்லும் வழி இயந்திரக் கட்டையின் ஊடே செல்வதால், கட்டை மிகச் சூடேறி, வால்வு இருக்கைகளின் அருகே வெடிப்புக் காணும். ஆகலின் காந்தப்பொடி தூவி வெடிப்பைச் சோதித்த பிறகே அதில் வேலை செய்வர். 1932-ஆம் ஆண்டு வடிவில் உடற்கூடுகளை இரும்புத் தகட்டாலும் கண்ணாடி நாராலும் இன்று புதிதாகவே செய்து விற்கின்றனர். அவற்றாற் கட்டிய வண்டி அழகும் உறுதியும் உடையதாகலாம். ஆயின் அதனைப் பழைய வண்டி என்று கூறி விற்றல் வஞ்சனையாம்.

நம் நாட்டு நிலை

உருமாற்றும் கைத்திறன் நம் நாட்டிற்குப் புதிதன்று. சென்னைச் சிம்ப்சன் கம்பெனியைச் சார்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பார் 1903-இலேயே நீராவி வண்டியொன்றைச் செய்து ஓட்டினார். 1912-இல் தி. வே. சுந்தரம் ஐயங்கார் தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். கரூரிற் பஸ்களுக்கும், நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் லாரிகளுக்கும் பாடி கட்டும் தொழில் பெருகி வளர்ந்துள்ளது. வெறும் சாஸியாக வரும் வண்டிக்கு மரத்தாலும் தகட்டாலும் உடல் சமைக்கும் அத்தொழிலாளர் திறன், கலிபோர்னியத் தொழிலாளர் திறனுக்குச் சிறிதும் குறைந்ததன்று.

ஆயினும் ஹாட் ராடு வண்டியை நம் சாலையில் ஓட்டுதற்குச் சட்டம் இடந்தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, செய்தோர் குறித்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றலாகாது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. உடற்குறை உடையோர்க்காகச் செய்யும் மாற்றம் போன்ற சிலவே விலக்காவன.

2021 ஜூலையில் மைய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. முதற் பதிவாகி 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டிகள், சாஸியிலோ உடற்கூட்டிலோ இயந்திரத்திலோ பெருமாற்றம் அடையாதனவாயின், அவ்விதிகளின்கீழ்ப் பதிவு பெறலாம். புதுப்பதிவிற்குக் கட்டணம் ரூ. 20,000, பதிவு 10 ஆண்டு செல்லும். எண்பலகையில் ‘வி. ஏ.’ என்னும் எழுத்துகள் பொறிக்கப்படும். கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, பராமரிப்பு போன்ற காரியங்களுக்கன்றி நாள்தோறும் ஓட்டுதல் கூடாது.

இதிலிருந்து விளைவது யாது? பாட்டனார் விட்டுச்சென்ற பழைய வண்டி ஒன்று ஒரு மாணவனுக்குக் கிடைக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆசைமிகுதியால் அதன் சட்டத்தை அறுத்து, வேறு இயந்திரம் பொருத்துவானாயின், அது சாலையில் ஓடும் உரிமையையும் இழக்கும். பழம்பொருள் என்னும் மதிப்பையும் இழக்கும். ஒருநாள் மாலையில் அறுத்த சட்டத்தை அவன் ஆயுள் முழுதும் முயன்றாலும் முன்போல் ஆக்குதல் இயலாது. பழுது பார்த்த வண்டிகளைக் காணவிரும்புவோர், கோயம்புத்தூரில் 2015-இல் திறக்கப்பெற்ற ஜீ.டீ. கார் காட்சிசாலைக்குச் சென்று, பல நாட்டு வண்டிகளையும் ஒருங்கே காணலாம்.

முடிவுரை

அவ்வாறாயின் அமெரிக்க இளைஞர் செய்தது பிழையோ எனின், அன்று. பல இலட்சமாகப் பெருகிக் கிடந்து, குப்பைக்குப் போகவிருந்த வண்டிகளையே அவர்கள் எடுத்தனர். அறுத்தது ஒன்றாயின் எஞ்சியவை ஆயிரம். ஒன்றே எஞ்சியிருக்கும் பொருளை அறுப்போனுக்கு அந்நியாயம் பொருந்தாது. கங்கைகொண்ட சோழபுரத்துத் திருமதிலும் உலகில் ஒன்றே ஒன்றாயிருந்தது. இதுவே இவ்விரண்டிற்கும் உள்ள பெரு வேற்றுமை.

ஆகலின், மாணவ நண்பர்காள், வண்டியாயினும், வீடாயினும், ஏட்டுச்சுவடியாயினும், பழம்பொருளொன்றில் கைவைக்குமுன் சில செய்திகளை நெஞ்சிற் கொள்க. இத்தகையது வேறு எத்துணை எஞ்சியுள்ளது என்று முதலில் வினவுக. உள்ள நிலையைப் படமாகவும் எழுத்தாகவும் பதிந்துவைக்க. இன்றியமையாத மாற்றம் செய்யின், பின்னர் வருவோர் அதனை நீக்கி மூலத்தைக் காணுமாறு செய்க. கழற்றிய உறுப்பை எறியாது வைத்திருக்க. புதிதாகச் சேர்த்ததைப் பழையது என்று ஒருபோதும் கூறற்க.

கங்கைகொண்ட சோழபுரம் 2004-ஆம் ஆண்டு முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்குகின்றது. சிதைந்த கிழக்கு வாயிற் கோபுரம், புதுக்கோபுரமாகக் கட்டப்படாது, சிதைந்தவாறே அங்குப் பேணப்படுகின்றது. மாளிகைமேட்டில் அகழ்ந்து கண்ட அரண்மனைச் செங்கற் சுவர்களும் கண்டவாறே காக்கப்படுகின்றன. அவ்விடத்தைக் காணச் செல்லும் நம் மாணவர், நிற்கும் விமானத்தின் அழகை வியப்பதோடு அமையாது, இல்லாத மதிலின் அடிச்சுவட்டையும் நடந்து பார்த்து வருவாராக.