பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும்: ஓடும்போது இதயத்தை ஓட்டுவது யார்?

மாடிப்படி ஏறத் தொடங்கிய உடனேயே நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்கிறது. தசைகளுக்கு ஆக்ஸிஜன் குறைந்து, அந்தச் செய்தி மூளைக்குப் போய், மூளை இதயத்துக்குக் கட்டளை அனுப்பி... என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். அதற்கெல்லாம் அவகாசமே இல்லை. முதல் அடி எடுத்துவைத்த ஓரிரு துடிப்புகளுக்குள் இதயம் வேகம் பிடித்துவிடுகிறது. எப்படி?

நான் மருத்துவன் அல்லன்; மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் பொறியியல் முதுகலையில் கட்டுப்பாட்டியல் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி கரும்பு தின்பது போல.

இதயத்துக்கென்று சொந்தத் தாளம் ஒன்று உண்டு. வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு என்னும் சிறு திசு, எந்த நரம்பின் தூண்டுதலும் இல்லாமலே துடிப்பைக் கிளப்பும். இளவயதினருக்கு அந்தத் தாளம் நிமிடத்துக்குச் சுமார் 100. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கையில் நம் நாடி 70தானே? அதாவது, ஓய்விலிருக்கும் இதயம் பிரேக்கை மிதித்தபடியே ஓடும் வண்டி.

அந்த பிரேக்தான் வேகஸ் நரம்பு. நம் விருப்பத்தைக் கேட்காமல் இயங்கும் தானியங்கு நரம்பு மண்டலத்தின் எதிர்ப்பரிவுப் பிரிவைச் சேர்ந்தது. அதைத் தூண்டினால் இதயம் மெதுவாகும் என்று 1845இல் வெபர் சகோதரர்கள் காட்டினார்கள். 1921இல் ஆட்டோ லோவி இரண்டு தவளை இதயங்களை எடுத்துக்கொண்டார். ஒன்றின் வேகஸைத் தூண்டி அதை மெதுவாக்கினார். அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றதில் விட்டார். அதுவும் மெதுவானது! நரம்பு ரசாயனத்தால் பேசுகிறது என்பதற்கு அதுவே சான்று. அந்த ரசாயனம் அசிட்டைல்கோலின். 1936இல் ஹென்றி டேலுடன் சேர்த்து லோவிக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆக்ஸிலரேட்டர், பரிவு நரம்புகள். இவை நார்அட்ரினலினைச் சுரக்கின்றன. அட்ரினல் சுரப்பி ரத்தத்தில் அட்ரினலினைக் கலக்கிறது. இரண்டுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு வேகம். வேகஸின் கட்டளை ஒரு துடிப்புக்குள் பலிக்கும், அதை நீக்கினாலும் அப்படியே. பரிவு நரம்பின் செய்தியோ செல்லுக்குள் பல ரசாயனப் படிகளைத் தாண்டியாக வேண்டும். தொடங்கவே சில வினாடிகள் பிடிக்கும்.

எனவே ஓடத் தொடங்கும்போது உடல் முதலில் செய்வது பிரேக்கிலிருந்து காலை எடுப்பது. நாடி 100ஐ நெருங்கும்வரை பெரும்பாலும் இதுவே போதும். அதற்கு மேல் 150, 170 என்று ஏறுவதற்குத்தான் ஆக்ஸிலரேட்டர் முக்கியமாக வேண்டும்.

காலை எடுக்கச் சொல்வது யார்? 1913இல் குரோவும் லிண்ட்ஹார்டும் ஒரு விடை சொன்னார்கள்: தசைகளை இயக்க மூளை அனுப்பும் கட்டளையின் ஒரு பிரதி, இதயத்தை ஆளும் மையத்துக்கும் போகிறது. தேவை எழுமுன்பே ஏற்பாடு! பொறியாளர்கள் இதை முன்னூட்டம் என்பார்கள். பின்னூட்டமும் உண்டு. உழைக்கும் தசைகளில் சேரும் கழிவுகளை உணரும் நரம்புகள் மேலிடத்துக்குத் தகவல் அனுப்புவதை 1937இல் ஆலமும் ஸ்மர்க்கும் கண்டறிந்தார்கள்.

இன்னொரு புதிர். கழுத்துத் தமனியில் ரத்த அழுத்த உணரிகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்குவது அவற்றின் வேலை. ஓடும்போது அழுத்தம் ஏறுகிறதே, ஏன் அவை குறுக்கே நிற்பதில்லை? மூளை அவற்றின் இலக்கையே உயர்த்தி வைத்துவிடுகிறது, தெர்மோஸ்டாட்டைத் திருகி வைப்பது போல. இத்தனையும் கூடித்தான், ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் இறைக்கும் இதயம் கடும் ஓட்டத்தில் 20 லிட்டர் இறைக்கிறது.

இந்த நரம்புகள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? 1967இல் கேப் டவுனில் கிறிஸ்டியன் பர்னார்ட் முதல் மனித இதய மாற்று சிகிச்சையைச் செய்தார். மாற்றப்பட்ட இதயத்தில் நரம்புகள் அறுபட்டிருக்கும். அது ஓய்விலேயே 90, 100 என்று துடிக்கும். நடக்கத் தொடங்கினால் உடனே வேகமெடுக்காது. ரத்தத்தில் அட்ரினலின் வந்து சேரக் காத்திருக்கும். நின்ற பிறகும் சீக்கிரம் அடங்காது.

அடங்குவதில்தான் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பயிற்சியை நிறுத்திய முதல் நிமிடத்தில் நாடி இறங்குவது பெரும்பாலும் வேகஸ் திரும்பி வருவதால். 1999இல் கோலும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில் 2,428 பேரை ஆறு ஆண்டுகள் கவனித்தார்கள். முதல் நிமிடத்தில் 12 துடிப்போ அதற்குக் குறைவாகவோ இறங்கியவர்களிடையே இறப்பு விகிதம் மற்றவர்களைப் போல் நான்கு மடங்கு. வயது முதலியவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் இரு மடங்கு.

இதை நான் எழுதக் காரணமும் உண்டு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிட ஐந்தாறு ஆண்டுகள் முன்னதாகவே வருகிறது என்று 2007இல் இண்டர்ஹார்ட் ஆய்வு சொன்னது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் இதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது. நல்ல சேதி என்னவென்றால், முறையான பயிற்சியால் இந்த பிரேக்கைப் பலப்படுத்த முடியும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஓட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றலாம். சில நிமிடம் மெல்ல நடந்து முடியுங்கள். பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ஆக்ஸிலரேட்டர் பாதி கட்டப்பட்டிருக்கும். டிரெட்மில்லில் ஒட்டியிருக்கும் நாடி அட்டவணை அவர்களுக்குப் பொருந்தாது. எவ்வளவு வேகம் போகலாம் என்பதை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும்.