சேலையும் சலங்கையும் சாட்சி

திருநங்கையரைப் பற்றிய பழைய அரசு ஆவணங்கள் பெரும்பாலும் மற்றவர்கள் எழுதியவை. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், வட இந்திய மாகாணங்களில் அவர்களில் பலரைச் சந்தேகத்தின் பேரில் பதிவேட்டில் ஏற்றியது. பதிவானவர் பெண்ணுடையோ நகையோ அணிந்து தெருவில் வந்தால் வாரண்ட் இல்லாமலே கைது. இரண்டாண்டு வரை சிறை. அவர் உயில் எழுத முடியாது, தானமும் கொடுக்க முடியாது. சேலை கட்டுவதும் குற்றம். அதைப் பிரியமானவருக்கு விட்டுச்செல்லவும் உரிமை இல்லை.

மும்பையில் திருநங்கையர் கூடி வாழும் அமைப்பான ஜமாத்தின் வரலாறு காகிதத்தைவிட மனிதர்களிடமும் அவர்களுடைய பொருள்களிடமும்தான் அதிகம் இருக்கிறது. பெற்ற வீடு ஏற்காமல் தமிழ்நாட்டிலிருந்து அங்கே ரயிலேறிய திருநங்கையர் பலர். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தமிழ் கேட்கும் தெருக்கள் இருந்தன. ஆ. ரேவதி தம் தன்வரலாறான ‘வெள்ளை மொழி’யில் மும்பை வாழ்க்கையையும் எழுதியிருக்கிறார். எழுத வாய்க்காதவர்களுக்கு மிஞ்சுவது பெட்டியில் கிடக்கும் சில பொருள்களே: குரு ஜோக்காக (சடங்குச் சீராக) தந்த சேலை, ஆட்டத்துக்குக் கட்டிய சலங்கை, வழிபட்ட மாதா தெய்வத்தின் படம், பழைய பெயர் போட்ட பள்ளிச் சான்றிதழ், 2008-இல் தமிழ்நாட்டில் நலவாரியம் அமைந்தபின் கிடைத்த அடையாள அட்டை. ஒருவர் இறந்ததும் பிறந்த வீட்டார் வந்து, ஆண் பெயர் சொல்லிக் காரியம் முடித்து, சேலைகளை ஒதுக்கிவிடுவதுண்டு. அவர் யாராக வாழ்ந்தார் என்பதற்கான சான்றும் அவற்றோடு போய்விடுகிறது.

எல்லாவற்றையும் சேர்த்துவைக்கவும் முடியாது. கூவாகம் திருவிழாவில் திருநங்கையர் கட்டிக்கொள்ளும் தாலி அறுபடுவதற்கென்றே கட்டப்படுவது. அதற்குப் புகைப்படமும் வாய்மொழிப் பதிவும் போதும்.

பொருள்களைக் கேட்டுப் பெறும் முறைக்கு லண்டனில் நல்ல முன்மாதிரி உண்டு. இ-ஜே ஸ்காட் 2014-இல் தொடங்கிய டிரான்சாலஜி அருங்காட்சியகம், திருநர்கள் தாமே கொடுத்தவற்றால் ஆனது. உதட்டுச்சாயம், மருந்துப் புட்டி, மார்பை இறுக்கும் உள்ளாடை எனப் பிறர் குப்பையில் போடக்கூடியவை. ஒவ்வொன்றிலும் ஒரு பழுப்பு அட்டை தொங்கும். கொடுத்தவரே அதில் தம் கைப்பட எழுதியிருப்பார். தொகுப்பிலேயே விலைமதிப்பற்றது அந்த அட்டைதான். அது இல்லாவிட்டால் காப்பாளர் ஊகித்து எழுதுவார். மறுபடியும் மற்றவர் எழுத்தே வரலாறாகிவிடும்.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சிகள் உண்டு. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியில் உள்ள ‘கம்ரா’ காப்பகம் பால்புதுமையினர் இயக்கத்தின் ஆவணங்களையும் ஒலி, ஒளிப் பதிவுகளையும் பேணுகிறது. மதுரையில் பிரியா பாபுவின் ஆவண மையம் திருநங்கையர் பற்றிய நூல்களையும் செய்தி நறுக்குகளையும் திரட்டியிருக்கிறது.

மும்பையில் இப்படிச் சேர்த்துவைக்கும் சேலைக்கு மழைக்காலம் பெரிய எதிரி. பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும். துவைத்த பருத்தித் துணியில் சுற்றி, அவ்வப்போது மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். துணியைவிடக் கவனம் வேண்டுவது கொடுப்பவரின் விருப்பம்: பெயரைச் சொல்லலாமா, பழைய பெயரை மறைக்க வேண்டுமா, எத்தனை ஆண்டு பிறர் பார்வைக்கு வைக்கக் கூடாது, திருப்பிக் கேட்டால் கிடைக்குமா என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். குருவின் பொருளுக்குச் சேலாவும் (சீடரும்) உரிமை கொண்டாடக்கூடும் என்பதால் ஜமாத்திலும் கலந்து பேசுவது முறை. எழுதத் தெரியாதவர் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, அவர் பேசிய தமிழிலோ இந்தியிலோ அப்படியே அட்டையில் எழுதலாம்.