வைட்டமின் சி சீரத்துக்கு ஏன் துணை தேவை?

வாழைப்பூவை நறுக்கியதும் மோரில் போடுகிறோம், இல்லையா? சும்மா விட்டால் ஆக்சிஜன் பட்டுக் கறுத்துவிடும். உங்கள் சீரம் பாட்டிலைப் பாருங்கள். முதலில் தண்ணீர் போல இருந்தது மஞ்சளாகி, தேன் நிறமாகி, பழுப்பாகும். அங்கேயும் ஆக்சிஜன்தான் காரணம்.

வெயில் பட்டால் தோலுக்குள் ஃப்ரீ ராடிக்கல்கள் உருவாகும். எலக்ட்ரான் குறையுள்ள இவை, பக்கத்தில் இருப்பதிடம் பிடுங்கும். செல்லின் கொழுப்புச் சுவரில் காவல் நிற்கும் வைட்டமின் இ தன்னுடையதைக் கொடுத்து அவற்றை அடக்கும். கொடுத்ததும் அதன் கை காலி! அப்போது வைட்டமின் சி கைமாற்று கொடுக்க, இ மறுபடி காவலுக்கு நிற்கும்.

சரி, சி-யை யார் காப்பது? அரிசித் தவிட்டில் இருக்கும் ஃபெருலிக் அமிலம்! 15% சி, 1% இ சேர்ந்த கரைசலில் 0.5% ஃபெருலிக் கலந்து, அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் குழு பன்றித் தோலில் சோதித்தது. 2005-இல் வெளியான முடிவு: வெயில் காப்பு 4 மடங்கிலிருந்து சுமார் 8 மடங்கானது. எனக்கு இது இன்றும் வியப்புதான். ஆனாலும் சன்ஸ்கிரீனை விட்டுவிடாதீர்கள்.

சி-யோடு வேறு எவற்றைப் பூசலாம்? நியாசினமைடு கூடாது என்பது பழைய பயம், தாராளமாகப் பூசலாம். ரெட்டினால்? இரண்டும் சேர்ந்தால் சிலருக்கு எரியும். சி காலையில், ரெட்டினால் இரவில்.

பருவுக்கான பென்சாயில் பெராக்சைடுதான் ஆகாத கூட்டு. அதுவே ஆக்சிஜனேற்றம் செய்யும் பொருள். பாட்டிலில் மாதக்கணக்கில் நடக்கும் கேட்டை உங்கள் கன்னத்திலேயே தொடங்கிவிடும்.