கோடு சரிந்தால் வயல் சரிந்ததாகுமா?

முதுநிலைப் பொருளியல் மாணவர்கள் குழுவாகச் செய்யும் தரவுக் காட்சிப்படுத்தல் பணியில், மென்பொருளைக் கற்பதே கடினம் எனப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையான சிக்கல் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கம்பம் பள்ளத்தாக்கையே எடுத்துக்கொள்வோம்.

முல்லைப் பெரியாறு அணையில் 136 அடியாக இருந்த நீர்த்தேக்க வரம்பை 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பு வழிவிட்டது. வரைபடத்தின் செங்குத்து அச்சைச் சுழியத்தில் தொடங்கினால் இந்த ஆறடி அற்பமாகத் தெரியும். 130இல் தொடங்கினால் நீர்மட்டம் இரு மடங்கானதுபோல் தோன்றும். இரண்டுமே முழு உண்மையல்ல. மேலே செல்லச் செல்ல நீர்ப்பரப்பு விரிவதால், மேல்மட்டத்து ஓர் அடியில் தேங்கும் நீர் அடிமட்டத்து ஓர் அடியைவிட மிகுதி. உழவருக்குத் தேவையான கணக்கு உயரமன்று, கொள்ளளவு.

இன்னொன்று: மதுரையிலிருந்து தேனி தனி மாவட்டமானது 1996இல். அதற்கு முந்தைய மதுரைப் புள்ளிவிவரங்களை ஒருவரும், பிந்தைய தேனிப் புள்ளிவிவரங்களை மற்றொருவரும் திரட்டி, ஒப்படைக்கும் நாளுக்கு முந்தைய இரவில் ஒட்டவைத்தால், சாகுபடிப் பரப்பு திடீரெனச் சரியும். சுருங்கியது வயலன்று, எல்லை.

ஆகவே, வேலையைப் பங்கிடும் முன்பே அலகு, காலம், எல்லை ஆகிய மூன்றையும் குழு எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். அவற்றைப் படத்தின் கீழும் குறிக்க வேண்டும். ஒருவர் வரைந்ததை மற்றொருவர் மூலத் தரவோடு ஒப்பிட வேண்டும். இரு மாநிலங்கள் வழக்காடும் தண்ணீரைப் பற்றிய பிழையான படம் மதிப்பெண் குறைவதோடு முடிந்துவிடாது. நாளை அதுவே ஒரு தரப்பின் சான்றாகிவிடும்.