விடுதலைக்குப் பின் – 9
எண்ணெயும் எல்லையும்: தெற்கு சூடானின் இரு போர்கள்

2011 ஜனவரியில் நடந்த பொது வாக்கெடுப்பில் ஏறத்தாழ 99 விழுக்காட்டினர் பிரிவினையை ஆதரித்ததைத் தொடர்ந்து, அவ்வாண்டு ஜூலை 9 அன்று தெற்கு சூடான் தனிநாடானபோது, அதன் வட எல்லை முழுமையாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. இருபதாண்டுகளுக்கு மேல் நீடித்த வடக்கு–தெற்குப் போரை முடித்துவைத்த 2005ஆம் ஆண்டின் விரிவான அமைதி உடன்படிக்கை, சூடான் விடுதலை பெற்ற 1956 ஜனவரி 1 அன்று நிலவிய மாகாண எல்லையையே இரு தரப்புக்கும் பொதுவான எல்லையாக ஏற்றது. ஆனால் ஆட்சி வசதிக்காக வகுக்கப்பட்ட அக்கோடு, மேய்ச்சல் நிலங்களையும் எண்ணெய் வயல்களையும் ஊடறுத்துச் சென்றது. எல்லையிலுள்ள அபியே பகுதியில் ஒவ்வொரு வறட்சிக் காலத்திலும் வடக்கிலிருந்து மாட்டு மந்தைகளை ஆற்றங்கரைக்கு ஓட்டிவரும் மிசேரியா மக்களுக்கும், அங்கேயே குடியிருக்கும் ங்கோக் டிங்கா மக்களுக்கும் இடையில் தலைவர்கள் பேசித் தீர்த்துவந்த தண்ணீர்ச் சிக்கல், இவ்வாறு இரு அரசுகளின் சிக்கலாயிற்று. அபியேவுக்கென உறுதியளிக்கப்பட்ட தனி வாக்கெடுப்பும், வாக்குரிமை யாருக்கு என்பதில் உடன்பாடு எட்டப்படாததால் குறித்தபடி நடைபெறவில்லை.

பிரிக்கப்படாத சூடானின் எண்ணெய் உற்பத்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு தெற்கில் இருந்தது. அதைச் செங்கடல் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லும் குழாய்களோ வடக்கின் வழியே சென்றன. குழாய்க் கட்டணத் தகராறு முற்றியதால், நாளொன்றுக்குச் சுமார் 3,50,000 பீப்பாயாக இருந்த உற்பத்தியை 2012 ஜனவரியில் தலைநகர் ஜூபாவிலிருந்த தெற்கு அரசு அடியோடு நிறுத்தியது. ஏப்ரலில் அதன் படைகள், வடக்கின் கட்டுப்பாட்டிலிருந்த ஹெக்லிக் எண்ணெய் வயலைக் கைப்பற்றி, பன்னாட்டு அழுத்தத்தால் சில நாள்களிலேயே பின்வாங்கின.

அரசு வருவாயில் ஏறத்தாழ 98 விழுக்காடு எண்ணெயிலிருந்தே வந்ததால், ஓராண்டுக்கு மேல் நீண்ட இந்த நிறுத்தத்தின் பாதிப்பு எல்லையோடு நிற்கவில்லை. தெற்கின் ராணுவம், விடுதலைப் போரின்போது ஒன்றையொன்று எதிர்த்த ஆயுதக் குழுக்களைச் சம்பளத்தாலும் பதவியாலும் இணைத்து உருவாக்கப்பட்டதாகும். ஒவ்வொரு பிரிவும் தன் தளபதிக்கே கட்டுப்பட்டிருந்த அப்படையைப் பிணைத்திருந்த பணம் வற்றியபோது, பழைய பிளவுகள் மேலெழுந்தன. 2013 ஜூலையில் அதிபர் சல்வா கீர், துணை அதிபர் ரீக் மச்சாரையும் அமைச்சரவை முழுவதையும் நீக்கினார். டிசம்பர் 15 இரவு அதிபர் காவற்படையினருக்குள் மூண்ட சண்டை, அடுத்த நாள்களில் ஜூபாவில் மச்சாரின் நூயர் இனப் பொதுமக்கள் கொல்லப்படுவதிலும், பின்னர் போர் (Bor) என்னும் நகரில் கீரின் இனமான டிங்கா மக்கள் பழிவாங்கப்படுவதிலும் முடிந்தது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு, இந்த உள்நாட்டுப் போர் காரணமாகச் சுமார் 3,83,000 பேர் மாண்டிருக்கலாம் என மதிப்பிடுகிறது.

எனவே எல்லைப் போரை வடக்கின் பகையாகவும் உள்நாட்டுப் போரை இனப்பகையாகவும் தனித்தனியே விளக்குவது போதாது. எண்ணெய் வருவாயால் தளபதிகளின் விசுவாசத்தை வாங்கி நிலைத்த ஆட்சிமுறையே இரண்டையும் இணைக்கும் காரணமாகும். கீருக்கும் மச்சாருக்கும் இடையிலான 2015, 2018 அமைதி உடன்பாடுகள் பதவிகளைப் பங்கிட்டனவே தவிர, தளபதிகளின் படைகளை ஒரே தேசிய ராணுவமாக்கும் பணி முடிவுறாமலே நின்றது. அப்பணி நிறைவேறாதவரை, தலைநகரில் இரு தலைவர்களுக்கிடையே எழும் எந்தப் பிணக்கும் சிற்றூர் மக்களின் உயிருக்கு உலையாகவே இருக்கும்.

(தொடரும்)