மாதவரத்துல இருந்து ஒரு டிரையத்லான் வாரம்

நீண்டதூர டிரையத்லான்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு முதல்ல சுருக்கமா. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் நடுவுல நிறுத்தாம ஒரே நாள்ல முடிக்கணும். அயர்ன்மேன் எனப்படும் முழு தூரத்துல நீச்சல் 3.8 கி.மீ., சைக்கிள் 180 கி.மீ., ஓட்டம் 42.2 கி.மீ. இதை முடிக்கப் பொதுவா 17 மணிநேரம் தருவாங்க. இதுல சரிபாதி 1.9, 90, 21.1 கி.மீ.; அதுக்கு எட்டரை மணிநேரம். மைல் கணக்குல பாதி தூரத்தோட கூட்டுத்தொகை 70.3, அதனால போட்டிக்கே அந்த எண்ணைத்தான் பேரா வெச்சிருக்காங்க. இந்தியாவுல இந்த 70.3 போட்டி 2019 அக்டோபர்ல கோவாவின் மிராமார் கடற்கரையில நடந்தது.

தொடக்கம் ஹவாயில். ஜான் காலின்ஸ் என்ற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, அந்தத் தீவுல தனித்தனியா இருந்த ஒரு கடல் நீச்சல், ஒரு சைக்கிள் பயணம், ஒரு மாரத்தான் மூணையும் ஒட்டவெச்சார். 1978 பிப்ரவரி 18 அன்று 15 பேர் கிளம்பினாங்க, 12 பேர் முடிச்சாங்க. முதல்ல வந்த கோர்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிஷம் ஆச்சு.

இதுக்கான பயிற்சி அட்டவணைகள் இணையத்துல கொட்டிக் கிடக்கு. எதை எடுத்தாலும் சொல்லாமலே நாலு விஷயத்தை இருக்குன்னு வெச்சுக்குது: பக்கத்துல நீச்சல் குளம், காலியான சாலை, சுவாசிக்கத் தகுந்த காற்று, ராத்திரி எட்டு மணிநேரத் தூக்கம். மாதவரத்துல இந்த நாலுமே கேள்விக்குறி. அப்போ இங்க இருக்கிற, வேலைக்குப் போற ஒருத்தர் 70.3 போட்டிக்குத் தயாரானா அவரோட வாரம் எப்படி இருக்கும்? அதுக்காக எடுத்த குறிப்புகள்தான் இது.

முதல்ல தண்ணி

போட்டி நேரத்துல நீச்சல் பங்கு ரொம்பச் சின்னது. ஏழு மணிநேரத்துல முடிக்கிற ஒருத்தருக்கு 45, 50 நிமிஷம் இருக்கும். ஆனா பயம் முழுக்க அங்கதான், உயிர் ஆபத்து அதிகமா இருக்கிறதும் அங்கதான். இன்னொரு காரணமும் உண்டு. தண்ணி காற்றைவிட ஏறக்குறைய 800 மடங்கு அடர்த்தி. அதுக்குள்ள வேகமா போக, பலத்தைக் கூட்டறதைவிட எதிர்ப்பைக் குறைக்கிறதுதான் வழி. உடம்பு தண்ணிக்கு மேல கிடையா இருக்கா, இடுப்பு கீழ இறங்குதாங்கிற மாதிரி விஷயங்கள். இது கைப்பழக்கம். வாரத்துல ஒரே நாள் ரெண்டு மணிநேரம் நீந்தறதைவிட ரெண்டு நாள் ஒவ்வொரு மணிநேரம் நீந்தறது பலன் தரும்.

சரி, எங்க நீந்தறது? புழல் ஏரி பக்கத்துலயே இருக்கு. ஆனா அது 1876ல கட்டின, ஊருக்குக் குடிதண்ணி தர்ற ஏரி. கிழக்கே போனா கடல். மேப்ல பார்த்தா ராயபுரத்துல ஆரம்பிச்சு எண்ணூர் வரைக்கும் கடற்கரைதான். நேர்ல போய்ப் பார்த்தா பெரும்பாலும் கருங்கல்.

இதுக்குக் காரணம் துறைமுகம். சென்னைக் கடலோரத்துல அலைகள் கரைக்குச் சாய்வா வந்து அடிக்கிறதால மணல் நகர்ந்துக்கிட்டே இருக்கும். வருஷக் கணக்குல கூட்டிக் கழிச்சா, தெற்கிலிருந்து வடக்கே போற மணல்தான் அதிகம். 1870கள்ல துறைமுகத்துக்காகக் கடலுக்குள்ள சுவர் எழுப்ப ஆரம்பிச்சதும் அந்த ஓட்டம் தடைப்பட்டது. மணல் தெற்குப் பக்கம் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமாச்சு. வடக்கே கடல் எடுத்துட்டுப் போற மணலுக்குப் பதில் மணல் வரல. கரை அரிச்சது, வீடுகள் போச்சு. மிச்சத்தைக் காப்பாத்த பாறாங்கல் கொட்டினாங்க, அப்புறம் தூண்டில் வளைவுகள் போட்டாங்க. மெரினாவோட அகலமும் திருவொற்றியூரோட கல் சுவரும் ஒரே கணக்கோட ரெண்டு பக்கம்.

தண்ணியோட தரம் தனிக் கதை. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துல பரவியது. ஆக, கடல் பக்கத்துல இருந்தும் நீந்தறதுக்கு இல்லை.

மிச்சம் இருக்கிறது நீச்சல் குளம். பொதுக் குளங்கள்ல மெரினாவுல ஒண்ணு இருக்கு. வேளச்சேரியில இருக்கிறது 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டினது. ரெண்டுமே மாதவரத்துக்குத் தெற்கே. கிட்ட இருக்கிற மெரினாவுக்கே, காலை நேரத்துல போய்வர ஒன்றரை மணிநேரம் வெச்சாலும் ரெண்டு நாளைக்கு மூணு மணிநேரம். தண்ணிக்குள்ள இருக்கப்போறது ரெண்டு மணிநேரம்தான். எந்த அட்டவணையும் இந்த மூணு மணிநேரத்தைக் கணக்குல எடுக்கிறதில்லை. வடசென்னைக்காரர் அதை எங்கிருந்தோ எடுத்தாகணும், பெரும்பாலும் தூக்கத்துல இருந்து.

அப்புறம் காற்று

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று இழுக்கிறோம். மிதமா ஓடும்போது அது 50 லிட்டரைத் தாண்டும். அதாவது ஒரு மணிநேர ஓட்டத்துல ஏழு மணிநேரம் உட்கார்ந்து இழுக்கிற காற்று உள்ள போகுது. அதுவும் வாய் வழியா, மூக்கோட வடிகட்டல் இல்லாம. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைப் புகையும் கன்டெய்னர் லாரி டீசல் புகையும் இருக்கிற இடத்துல இது சின்ன விஷயம் இல்லை.

"அதிகாலை காற்று சுத்தமா இருக்கும்"னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட உண்டு. எப்பவும் அப்படி இல்லை. ராத்திரி தரை குளிரும்போது அதை ஒட்டின காற்றும் குளிர்ந்து கனமாகி அங்கேயே தங்கிடும். மேல இருக்கிற சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்கார்ந்திருக்கும். புகை வெளியேறாது. மார்கழி, தை மாசத்துல இது அதிகம், போகி அன்னைக்கு எல்லாருக்குமே தெரியும். வெயில் ஏறி தரை சூடானதும் மூடி திறக்கும். கோடையில மதியத்துக்கு மேல கடல்காற்றும் வந்து கலைச்சு விடும்.

மணலியில காற்றுத் தர அளவீட்டு நிலையம் இருக்கு, எண்கள் பொதுவுல கிடைக்குது. நுண்துகள், அதாவது பிஎம் 2.5, 24 மணிநேரச் சராசரிக்கு இந்திய வரம்பு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021ல சொன்னது 15. காலையில செருப்பு மாட்டறதுக்கு முன்னாடி அந்த எண்ணைப் பாருங்க. 60க்கு மேல இருந்தா வேகப் பயிற்சியைத் தள்ளிப் போடலாம், இல்ல வீட்டுக்குள்ள மாத்தலாம். ஓடற தெருவும் முக்கியம். லாரி போற சாலையை விட்டு, பால்பண்ணை, கால்நடைப் பல்கலைக்கழகம் பக்கம் மரம் இருக்கிற உள் சாலைகளுக்கு வர்றது நல்லது.

வாரம்

போட்டிக்கு ரெண்டு, மூணு மாசம் இருக்கிற ஒருத்தருக்கான வாரம் இது. ஏற்கெனவே ஒரு மணிநேரம் நிக்காம ஓடத் தெரிஞ்சவர்னு வெச்சுக்குவோம்.

திங்கள்: ஓய்வு. சோம்பேறித்தனம் இல்லை. பயிற்சி உடம்பைக் கலைக்குது, அதைப் பலமா மறுபடி கட்டறது ஓய்வும் சாப்பாடும் தூக்கமும்தான்.

செவ்வாய்: ஓட்டம், 1 மணிநேரம். நடுவுல 4 நிமிஷ வேக ஓட்டம் 5 முறை.

புதன்: நீச்சல் 1 மணிநேரம், கை அசைவுக்கும் மூச்சுக்கும். சாயங்காலம் வீட்டுலயே 20 நிமிஷம் தசைப் பயிற்சி.

வியாழன்: சைக்கிள் 1 மணிநேரம், வீட்டுக்குள்ள டிரெய்னர் மேல. பின்சக்கரத்தைத் தாங்கிப் பிடிச்சு ஒரே இடத்துல மிதிக்க வைக்கிற கருவி அது. 15 நிமிஷம் கடினமா, ரெண்டு முறை. முன்னாடி ஒரு ஃபேன் கட்டாயம்.

வெள்ளி: நீச்சல் 1 மணிநேரம், இந்தத் தடவை தூரத்துக்கு. 25 மீட்டர் குளத்துல 1.9 கி.மீ.ன்னா 76 நீளம். ஒவ்வொரு சுவர்லயும் ஒரு உந்தல் கிடைக்கும், கடல்ல அது கிடையாது.

சனி: நீண்ட ஓட்டம், ஒன்றரை மணிநேரம், நிதானமா.

ஞாயிறு: நீண்ட சைக்கிள், மூன்றரை மணிநேரம். இறங்கின உடனே 20 நிமிஷம் ஓட்டம்.

கூட்டினா 9 மணி 40 நிமிஷம். இதுல உண்மையா மூச்சு வாங்குற நேரம் செவ்வாய் 20, வியாழன் 30, ஆக 50 நிமிஷம்தான். மிச்சமெல்லாம் பக்கத்துல வர்றவர்கிட்ட பேசிக்கிட்டே போற வேகம். புதுசா வர்றவங்களுக்கு இதுதான் ஆச்சரியம். ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் உச்சத்துல இருக்கிற நெடுந்தூர வீரர்களோட பயிற்சியைப் பிரிச்சுப் பார்த்தப்போ, ஏறக்குறைய 80 சதவீதம் சுலபமான பயிற்சியா இருந்தது. மெதுவான பயிற்சி இதயத்தையும் ரத்த நுண்குழாய்களையும் வளர்க்கும், மறுநாளைக்கும் பயிற்சி பண்ண விடும். தினமும் பாதி கஷ்டமா ஓடறவருக்கு நல்ல வேகமும் கிடைக்காது, நல்ல ஓய்வும் கிடைக்காது.

பல அட்டவணைகள்ல சனிக்கிழமை சைக்கிள், ஞாயிறு ஓட்டம். களைச்ச காலோட ஓடிப் பழகணுங்கிறது யோசனை. இங்க அதைத் திருப்பிப் போட்டதுக்குக் காரணம் லாரி. சனிக்கிழமை தொழிற்சாலைகளுக்கு வேலை நாள். பகல்ல நகருக்குள்ள கனரக வண்டிகளுக்கு நேரக் கட்டுப்பாடு இருக்கிறதால, நாம கிளம்புற விடிகாலையிலதான் அவங்களும் அவசரமா ஓட்டுவாங்க. ஞாயிறு கொஞ்சம் அடங்கியிருக்கும். ஜி.என்.டி. சாலையில செங்குன்றம் தாண்டிக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வரைக்கும் போய்த் திரும்பலாம். முன்னும் பின்னும் விளக்கு, ஹெல்மெட், கூட ரெண்டு பேர் இல்லாம கிளம்ப வேண்டாம். ஓரத்துல விளக்கில்லாம நிறுத்தின லாரிதான் இந்தச் சாலையில பெரிய ஆபத்து. களைச்ச காலோட ஓடற பயிற்சி, சைக்கிள் முடிஞ்சதும் வர்ற 20 நிமிஷத்துல கிடைச்சிடும்.

வெயிலும் உப்பும்

இந்த ஊர் தர்ற ஒரே சலுகை வெயில். 7 முதல் 14 நாள் சூட்டுல பயிற்சி பண்ணினா ரத்தத்துல நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதுல உப்பு குறையும். குளிர்நாட்டுக்காரங்க இதுக்காக வெந்நீர்த் தொட்டியில உட்கார்றாங்க. நமக்கு இலவசம். கோவாவோட புழுக்கம் நமக்குப் புதுசு இல்லை.

ஆனா புழுக்கத்துல வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. அதனால கடிகாரம் காட்டற வேகத்தைப் பார்க்காம மூச்சைப் பார்த்து ஓடணும். மணிக்கு ஒரு லிட்டர் வியர்வை இங்க சாதாரணம். ஒரு லிட்டர்ல சராசரியா ஒரு கிராம் சோடியம் போகும், ஆளுக்கு ஆள் மாறும். வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தா ரத்தத்துல சோடியம் நீர்த்துப் போய் மயக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். லிட்டருக்குக் கால் முதல் அரை டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை, சர்க்கரை போட்டாலே போதும். இளநீர்ல பொட்டாசியம் நிறைய, சோடியம் கம்மி, அதனால அதுலயும் ஒரு சிட்டிகை உப்பு வேணும். ரத்த அழுத்தம் இருக்கிறவங்க டாக்டரைக் கேட்டுட்டுச் செய்யணும்.

நீண்ட சைக்கிள் நாள்ல மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. நடுத்தர வாழைப்பழத்துல 25 கிராம் இருக்கும், சர்க்கரை போட்ட எலுமிச்சைத் தண்ணி மிச்சத்தைப் பார்த்துக்கும். வயிறும் பயிற்சி கேட்கும் உறுப்புதான். போட்டி அன்னைக்குப் புதுசா எதையும் சாப்பிடக் கூடாது.

ஷிப்ட் வேலைக்காரருக்கு

இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு வேலை காலை ஆறு, மதியம் ரெண்டு, ராத்திரி பத்துன்னு சுத்தி வரும். ராத்திரி ஷிப்ட் வாரத்துல மேல சொன்ன அட்டவணை செல்லாது. அந்த வாரத்தை முன்கூட்டியே இறக்க வாரமா வெச்சுக்கலாம். எப்படியும் மூணு வாரம் ஏத்தினா ஒரு வாரம் இறக்கணும், நேரத்தைப் பாதியாக்கணும். ராத்திரி வேலை முடிச்சு நேரா சைக்கிள்ல சாலைக்குப் போகவே கூடாது. தூக்கக் கலக்கத்துல லாரிக்குப் பக்கத்துல ஓட்டற அளவுக்கு எந்தப் போட்டியும் பெருசில்லை.

கடல் நீச்சலையும் மறக்க முடியாது. குளத்துல மட்டும் பழகினவர் அலையில முதல் தடவை இறங்கற நாள் போட்டி நாளா இருக்கக் கூடாது. மெரினாவுல மணல் உண்டு, ஆனா அந்தக் கடல் ஆளை இழுக்கும். போட்டிக்கு முன்னாடி மூணு, நாலு ஞாயிறாவது, உயிர்காப்பாளரும் படகும் இருக்கிற பயிற்சிக் குழுவோட கோவளம் மாதிரி இடத்துக்குப் போகணும். மாதவரத்துல இருந்து ஏறக்குறைய 50 கி.மீ. அந்த ஞாயிறுகள்ல நீண்ட சைக்கிள் போச்சுன்னா போகட்டும்.

வாரம் கலைஞ்சா எதை விடறது? மழை, ஓவர்டைம், வீட்டுல காய்ச்சல்னு ஏதாவது வரத்தான் செய்யும். முதல்ல செவ்வாய் வேக ஓட்டத்தை விடுங்க. அப்புறம் புதன் தசைப் பயிற்சி. அடுத்து வியாழன் சைக்கிள். ஞாயிறு சைக்கிளையும் ஒரு நீச்சலையும் கடைசி வரைக்கும் விடாதீங்க. திங்கட்கிழமை ஓய்வை எடுத்து விட்டுப்போனதை அடைக்கப் பார்க்காதீங்க.